அப்பா உட்காரும் பக்கத்துக் கதவு

அண்ணா,

அப்பா போய் நேற்றோடு ஒரு வருஷம். காரை விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவர் பக்கத்துக் கதவை இன்று காலை நானே சரி செய்தேன். போனில் பேசினால் பேச்சு வேறெங்கோ போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் மன்னிப்பு. உன் பையன் பிடித்து ஆடித்தான் கதவு இறங்கியது என்றேனே, அவன் இல்லை. கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்து விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். கீழ்க் கீல் அசையவில்லை. மேல் கீலில் நல்ல ஆட்டம். கீல் பின்னைத் தட்டி எடுத்தால், அதைச் சுற்றியிருக்கும் பித்தளை வளையமான புஷ்ஷின் வட்டத் துளை முட்டை வடிவமாகியிருக்கிறது. லீவுக்கு வந்த பிள்ளை நாலு நாள் ஆடினால் இப்படித் தேயாது. வருஷக்கணக்கில் ஒருவர் தன் எடையை அதில் போட்டிருக்க வேண்டும்.

யார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

முழங்கால் போன பிறகு, எழுந்திருக்க அப்பா கதவின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொள்வார். ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலில், "கதவை விடுங்கப்பா, பிய்ஞ்சு வந்துடும்" என்று கத்திவிட்டேன். உடனே விட்டுவிட்டார். திரும்ப உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். நான் சுற்றி வந்து பிடிக்கும் வரை நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் அந்தக் கதவைப் பிடித்ததே இல்லை. அவர் பெயரைச் சொல்ல வாய் வராமல்தான் உன் பிள்ளையைச் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கூட்டிப்போய் வந்தவள் நான்.

அன்றைக்கு வீட்டில் நடந்த மற்றதை இங்கே எழுதமாட்டேன். சித்தி படிப்பார்.

நீ செய்ததை மட்டும் சொல்லியாக வேண்டும். கதவு சாத்தவில்லை என்றதும், கார்த் தூணில் பூட்டு வந்து மாட்டும் கொக்கியான ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் கீழே இறக்கி முறுக்கிவிட்டு, "சரியாயிடுச்சு" என்று கிளம்பிவிட்டாய். தொங்குகிற கதவுக்காகக் கொக்கியை இறக்கினால் தொங்கல் போய்விடுமா? கீல் தேய்ந்துகொண்டேதான் இருந்தது. பத்து நிமிஷம் உன்னுடையது, மிச்சமெல்லாம் என்னுடையது.

கதவுக்கடியில் ஜாக்கி, அதன்மேல் பலகை, பலகைமேல் அப்பாவின் பழைய துண்டு. எடை முழுக்க ஜாக்கியில் நின்ற பிறகுதான் மேல் பின்னை எடுத்தேன். கீழ் பின்னைத் தொடவில்லை. அது இருந்தால்தான் கதவு நகராது, உள்ளே போகும் ஒயரும் இழுபடாது. புது புஷ், புது பின், கொஞ்சம் கிரீஸ். கதவு ஏறிவிட்டது. ஏறியதும் நீ இறக்கிய ஸ்ட்ரைக்கரில் இடித்தது. அதன் பழைய இடம் பெயிண்டில் தடமாகவே இருந்தது, அங்கேயே ஏற்றி முறுக்கினேன்.

இப்போது இரண்டு விரலால் தள்ளினால் போதும், சாத்துகிறது.

உன் பையனிடம் அத்தை மன்னிப்புக் கேட்டாள் என்று சொல். இல்லை, வேண்டாம். ராத்திரி கூப்பிடுகிறேன், போனை அவனிடம் கொடு.