ஞாயிறு காலை குழாய் கேஸ் வராது

ஓசூர் குடியிருப்பு உறவுகளுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 9 முதல் மதியம் 1 வரை ஏ, பி பிளாக்குகளில் கேஸ் நிறுத்தம். ஃபில்டர், ரெகுலேட்டர் சுத்தம் செய்ய ஆட்கள் வருகிறார்கள்.

பி பிளாக்கில் சில வீடுகளில் சுடர் சிறுத்துப்போனது. கழற்றிப் பார்த்தால் ஃபில்டர் முழுக்கக் கருப்புத் தூள். எஃகுக் குழாய்க்குள் ஈரம், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கரியமில வாயு இவை இரும்போடு வினைபுரிந்து உண்டாவது. பெரும்பாலும் இரும்பு சல்ஃபைடும் இரும்பு ஆக்சைடும். மாவு மாதிரி நைசு என்பதால் கேஸோடு வெகுதூரம் வந்துவிடும். நம் அடுப்புக்கு வரும் அழுத்தமே 21 மில்லிபார்தான், லேசாக அடைத்தாலும் தோசைக்கல் காயாது.

1. 8.45-க்குள் அடுப்புக் குமிழ், மீட்டர் வால்வு இரண்டையும் மூடுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையே மூடிவிடுங்கள்.
2. ஃபில்டரை நீங்களே திறக்காதீர்கள். காய்ந்த இரும்பு சல்ஃபைடு காற்றுப் பட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். நனைத்துத்தான் எடுக்க வேண்டும்.
3. 1 மணிக்குச் சோப்புத் தண்ணீரில் கசிவு பார்ப்பார்கள், வீட்டில் ஒருவர் இருங்கள். தீக்குச்சி வைத்துப் பார்ப்பதை இனியாவது விடுங்கள் ஐயா!
4. கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, வால்வை மூடி, வெளியே வந்து கூப்பிடுங்கள்.

வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணும், ஆள் இருப்பாரா என்பதும் இங்கே பதிவிடுங்கள். சுடர் மஞ்சளாக எரிந்தால் அதையும். காலை வணக்கப் படங்களை அதுவரை நிறுத்தி வைத்தால் பதில்களைத் தேட எனக்கு வசதி.

— செயலாளர்