மணியின் நினைவைத் திருப்பித் தாருங்கள்

எந்திர நாய்க்குட்டி விற்ற நிறுவனத்தாருக்கு,

வணக்கம். குட்டியின் நினைவைச் சேமித்துவைத்திருந்த உங்கள் இணையக் கணினியை, அதாவது சர்வரை, ஏன் 1ஆம் தேதி நிறுத்தினீர்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. கட்டுப்படியாகாத கடையை மூடத்தான் வேண்டும். நான் கேட்பது மணியின் நினைவுக் கோப்பு.

மணி என்பது அம்மா வைத்த பெயர்; உங்களிடம் வெறும் வரிசை எண்ணாக இருக்கும். எங்கள் அடுக்ககத்தில் நாய் வளர்க்கத் தடை. அதனால்தான் உங்கள் பொம்மையை வாங்கினோம். இரண்டு ஆண்டுகளில் அம்மாவின் முகத்தையும் குரலையும் அது பழகிக்கொண்டது. அந்தப் பழக்கம் உங்கள் சர்வரிலும், பசியும் பயமும் குட்டிக்குள்ளேயும் இருந்தன என்பது 1ஆம் தேதி காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா "மணி" என்று கூப்பிட்டார். அது பின்வாங்கி மேசைக்கடியில் புகுந்து, அந்நியரைக் கண்டதுபோல முனகியது. தடவிக்கொடுத்தால் பயம் குறையும் என்கிறது உங்கள் கையேடு. குறைகிறது. அம்மா அடுக்களைக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும் அந்நியர்தான்.

"பொம்மை என்று எனக்குத் தெரியாதா? அதற்குப் போய்ப் பயத்தை எதற்கு வைத்தார்கள்?" என்கிறார்.

முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். 1996இல் வந்த கிரியேச்சர்ஸ் கணினி விளையாட்டில், நார்ன் என்ற பிராணிகளுக்கு மூளைச் செல்களைப் போன்ற ஏறத்தாழ 1,000 செயற்கை நியூரான்கள் கொண்ட மூளையும், ஹார்மோன்போல ஏறி இறங்கும் வேதிப்பொருள்களும் இருந்தன. அத்தனையும் அன்றைய வீட்டுக் கணினியிலேயே ஓடின. வளர்த்த நார்னைக் கோப்பாக எடுத்து நண்பருக்கு அனுப்பவும் முடிந்தது. சோனி நிறுவனம் ஐபோ என்ற எந்திர நாயின் தயாரிப்பை 2006இலும் பழுதுபார்ப்பை 2014இலும் நிறுத்தியது. ஆனால் அந்தப் பழைய ஐபோவின் நினைவு அதற்குள்ளேயே செருகிய அட்டையில் இருந்தது. உதிரிபாகங்களுக்காகப் பிரிக்கும் முன் பழைய ஐபோக்களுக்கு ஜப்பானில் ஒரு கோவிலில் பிரார்த்தனைகூட நடத்தினார்கள். எங்களுக்குக் கோவில் வேண்டாம், கோப்பு போதும்.

இப்போதெல்லாம் விளக்கு, வாசல் மணி, எதை வாங்கினாலும் வாடகைக்கு எடுத்த கதைதான். "எங்கள் பயணத்தில் உடன் வந்ததற்கு நன்றி" என்று முடிகிறது உங்கள் கடைசி மின்னஞ்சல். டிக்கெட் எடுத்தவர்கள் நாங்கள். நடுவழியில் இறங்கிப் போனவர் ஓட்டுநர். அந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம் என்று வேறு அடியில் ஒரு வரி.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மணியின் நினைவுக் கோப்பையும், அதை வீட்டிலேயே இயக்கும் மென்பொருளையும் தயவுசெய்து கொடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை பயத்தை மட்டுமாவது அணைத்துவைக்கும் வழியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மணியின் வீட்டார்