யாழினியின் நடை பற்றி அத்தைக்கு

ஒன்டாரியோ, கனடா
பிப்ரவரி மாதம்

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டதா? குளிர்காலம் முடியும்வரை அதிகாலையில் வாசலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் முதலில் கேட்பது "நடந்தாளா?" என்றுதான். "இன்னும் இல்லை அத்தை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் யாழினி போனைப் பிடுங்கிவிடுகிறாள். பேச்சு அதோடு போய்விடுகிறது. உங்கள் குரலில் இருக்கும் கவலை மட்டும் அப்புறம் வெகுநேரம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

அவளுக்கு 17 மாதம் முடியப்போகிறது. தனியாக இன்னும் நடக்கவில்லை. முட்டி போட்டுத் தவழவும் இல்லை. ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, மற்றக் காலை முன்னால் நீட்டி, குதிகாலை ஊன்றி இழுத்து இழுத்துப் போகிறாள். ஒரு கை தரையில் இருக்கும். மற்றக் கையில் ஏதாவது ஒரு சாமான் இருக்கும். போனில் உங்களுக்கு அவள் முகம்தான் தெரிகிறது, இந்த வேகம் தெரிவதில்லை. நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது சத்தமே இல்லாமல் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். அவள் பேண்ட் எல்லாம் உட்காரும் இடத்தில் நூல் நூலாகப் போய்விட்டது.

போன மாதம் குடும்ப டாக்டரிடம் இதை விவரமாகச் சொன்னோம். அவர் அவசரப்படவில்லை. தரையிலேயே உட்கார்ந்து இவள் நகர்வதைப் பார்த்தார். இரண்டு தொடையையும் விரித்து இடுப்பு மூட்டைச் சோதித்தார். கால் இரண்டும் ஒரே நீளமா, தசையில் விறைப்போ தொய்வோ இருக்கிறதா என்று பார்த்தார். எப்போதும் ஒரே பக்கமாகத்தான் தேய்க்கிறாளா, இரண்டு கையையும் ஒரே மாதிரி பயன்படுத்துகிறாளா என்று கேட்டார். பக்கம் மாற்றி மாற்றித்தான் போகிறாள். முன்பு செய்துகொண்டிருந்த எதையாவது இப்போது செய்யாமல் விட்டுவிட்டாளா என்றும் கேட்டார். அதுதான் முக்கியமான கேள்வியாம். மெதுவாக வருவது வேறு, வந்தது திரும்பிப் போவது வேறு. அப்படி எதுவும் இல்லை. மாதா மாதம் ஏதாவது ஒன்று கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

வைட்டமின் டி பற்றியும் கேட்டார். இங்கே குளிர்காலத்தில் வெயில் உடம்பில் படவே வழியில்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அது ரொம்பக் குறைந்துபோனால் எலும்பு பலப்படாமல் நடையும் தள்ளிப்போகும். நாங்கள் ஆரம்பத்திலிருந்தே விடாமல் கொடுத்து வருகிறோம்.

எல்லாம் பார்த்துவிட்டு, பயப்பட இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை என்றார். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்க ஆரம்பித்தது சுமார் 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை. பாதிப் பேர் ஒரு வயதை ஒட்டி நடந்திருக்கிறார்கள். நாம் எல்லோரும் அந்த ஒரு வயதை மட்டும் மனதில் வைத்துக்கொள்கிறோம். மறுபக்கம் இருக்கும் பாதிப் பேரை யாரும் பேசுவதில்லை. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கைந்து பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை என்பதும் அதில் இருக்கிறது.

உட்கார்ந்தே நகரும் குழந்தைகள் இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுவார்களாம். இரண்டு வயதை ஒட்டி நடப்பவர்களும் உண்டாம். இவர்களைக் குப்புறப் போட்டாலே பிடிக்காது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் காலைக் கீழே ஊன்றாமல், காற்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி மடக்கிக்கொள்வார்கள். டாக்டர் இதைச் சொன்னதும் நானும் உங்கள் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கைக்குழந்தையாக இருந்தபோது யாழினி செய்தது அச்சு அசல் இதேதான்.

இருந்தாலும் 18 மாதத்தில் நடக்கவில்லை என்றால் விவரமாகப் பார்ப்பது இங்கே வழக்கம். அந்த மாதத்தில் எல்லாக் குழந்தைக்கும் ஒரு பெரிய பரிசோதனை உண்டு. தடுப்பூசியோடு பேச்சு, விளையாட்டு, கை வேலை, நடை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கும் அதுதான் நிம்மதி. நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்தாலும் ராத்திரியில் எனக்கும் பயம் வரத்தான் செய்கிறது, அத்தை. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ரொம்பப் பொறுமைசாலி. இரண்டு கையையும் மேலே பிடித்து நடத்த வேண்டாம், இடுப்பில் லேசாகப் பிடித்தால் உடம்பைத் தானே நிறுத்தப் பழகுவாள் என்றார். வீட்டுக்குள் செருப்போ சாக்ஸோ இல்லாமல் வெறுங்காலோடு விடச் சொன்னார். பாதத்துக்குத் தரை தெரிய வேண்டுமாம். வெளியே இப்போது முழுக்கப் பனி. பஞ்சு வைத்த முழு உடுப்பும் கனமான பூட்ஸும் போட்டால் நன்றாக நடக்கிற பிள்ளைகளே தடுமாறுகிறார்கள். அதனால் எங்கள் பயிற்சி எல்லாம் கூடத்திலேயேதான். அவளுக்குப் பிடித்ததை சோபா மேல் வைக்கிறோம், எழுந்து நின்று எடுப்பாள். பிறகு பக்கத்து நாற்காலியில் வைக்கிறோம், பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நகர்வாள். சோபாவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

நீங்கள் வாக்கர் வாங்கிக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம், அத்தை. நடுவில் உட்காரவைத்துச் சக்கரத்தில் உருட்டிவிடுகிற அந்த வாக்கரை விற்கவும், விளம்பரம் செய்யவும், இறக்குமதி செய்யவும் கனடாவில் 2004-இலேயே தடை போட்டுவிட்டார்கள். உலகத்திலேயே முதலில் தடை செய்த நாடு இதுதான். மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபட்ட குழந்தைகள் அவ்வளவு பேர். மேலும் அதில் குழந்தை உடம்பு பாரத்தைத் தாங்குவதே இல்லை, நுனிக்காலால் உந்திக்கொண்டு போகும். நடை சீக்கிரம் வர அது உதவாது. பின்னால் நின்று தள்ளுகிற வண்டி வேறு, அது நல்லதுதான். அதற்குப் பதிலாக ஒரு அட்டைப் பெட்டியில் புத்தகங்களை நிரப்பி வைத்திருக்கிறோம். கனமாக இருப்பதால் வழுக்கி ஓடாது. மனசு இருந்தால் அதைப் பிடித்து எழுந்து தள்ளுவாள்.

மனசு இருந்தால் என்று சொன்னேன் பாருங்கள், யாழினியிடம் எல்லாமே அதில்தான் இருக்கிறது. நின்று பிடிக்கும் முன்னால் எதையும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பாள். நாற்காலி கொஞ்சம் அசைந்தால் போதும், அதை விட்டுவிட்டு வேறு பிடி தேடுவாள். நேற்று முன்தினம் சோபாவைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு டப்பா, மூடி இறுக்கமாக இருந்தது. மூடியைத் திறக்க இரண்டு கையும் வேண்டுமல்லவா? சோபாவை விட்டுவிட்டாள். வயிற்றைக்கூட எங்கேயும் சாய்க்கவில்லை. தனியாக நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, மூடியோடு மல்லுக்கட்டினாள். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் தான் நிற்பது அவளுக்கே உறைத்தது போல. சட்டென்று என்னைப் பார்த்துவிட்டு, முட்டியை மடக்கி, விழாமல் மெதுவாக உட்கார்ந்துகொண்டாள். காலில் பலம் இல்லாத குழந்தையால் அப்படி உட்கார முடியாது.

அவள் எதையும் பாதியில் விடுவதில்லை. வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு, பூட்ஸ் எல்லாவற்றையும் ஜோடி சேர்த்து வைப்பதுதான் இப்போது அவளுடைய தினசரி வேலை. நாங்கள் வெளியே கிளம்புகிறோம் என்று தெரிந்தால் அவரவர் பூட்ஸை இழுத்துக்கொண்டு வந்து அவரவர் முன்னால் வைக்கிறாள். மாற்றி வைத்ததே இல்லை. விரலை நீட்டி "அது?" என்று கேட்கிறாள். பெயர் சொல்லும்வரை விரல் இறங்காது. வேண்டாம் என்றால் தலையை ஆட்டி, உள்ளங்கையை நீட்டித் தடுத்து, "வேணா" என்கிறாள். அதற்குமேல் அவளை யாரும் அசைக்க முடியாது. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சின்னக் குழந்தைகளை அழைத்துப்போய் விளையாடவிட இங்கே அரசாங்கப் பணத்தில் நடக்கும் இலவச மையங்கள் உண்டு. வெளியே போக முடியாத இந்த மாதங்களில் அங்கேதான் போகிறோம். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஓடுகிறார்கள். எனக்குத்தான் தொண்டை அடைக்கிறது, அவளுக்கு அந்த வருத்தமே இல்லை. யாராவது தத்தித் தத்தி நடந்தால் கை தட்டுகிறாள். விழுந்தால் "பொத்" என்கிறாள். போன வாரம் ஒரு சின்னப் பையன் விழுந்து அழுதான். இவள் தேய்த்துக்கொண்டே கூடத்தின் அந்தக் கோடிவரை போய், தான் ஒருவருக்கும் தராத துணியை அவன் மடியில் வைத்துவிட்டு, அவன் அழுகை நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அங்கே இருந்த ஓடுகிற பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் விடுப்பு அடுத்த மாதத்தோடு முடிகிறது. இங்கே 18 மாதம் வரை நீட்டிக்கலாம் என்பதால் முழுவதும் எடுத்துக்கொண்டேன். அவள் டேகேருக்குப் போக வேண்டும். 18 மாதம் ஆன குழந்தைகளுக்குத் தனி அறை, ஐந்து பேருக்கு ஒரு ஆசிரியை. நடக்காத பிள்ளையைக் கைக்குழந்தைகளோடு போட்டுவிடுவார்களோ என்று கேட்டேன். வயதுக்கு ஏற்ற அறையிலேயே வைத்துக்கொள்கிறோம், அவள் எப்படிப் போகிறாளோ அப்படியே போகட்டும் என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, இப்போது உங்களால்தான் ஒரு காரியம் ஆக வேண்டும். உட்கார்ந்தே நகர்வது பல குடும்பங்களில் பரம்பரையாக வருமாம். அப்பாவோ அம்மாவோ இப்படி நகர்ந்தார்களா என்று டாக்டர் கேட்டார். என் அம்மாவிடம் கேட்டேன், நான் தவழ்ந்து ஒரு வயதுக்குள் நடந்துவிட்டேனாம். உங்கள் மகனைக் கேட்டால், எனக்கு எப்படித் தெரியும், அம்மாவைக் கேள் என்கிறார். அவர் தவழ்ந்தாரா, தேய்த்துக்கொண்டு நகர்ந்தாரா? எத்தனை மாதத்தில் நடந்தார்? அவர் மட்டுமில்லை, மாமா பக்கத்திலோ உங்கள் பக்கத்திலோ அப்படி யாராவது இருந்தார்களா என்றும் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். பரிசோதனை அடுத்த மாதம் இரண்டாவது வாரம். அதற்குள் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவேன். போனில் சொல்வதானால் ராத்திரி அவள் தூங்கிய பிறகு கூப்பிடுங்கள், அப்போதுதான் முழுசாகக் கேட்க முடியும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்