கேனிஸ்டரைக் கழற்றும் முன் ஹோஸைப் பிடுங்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு அன்பர் தன் பிஎஸ்-6 (இப்போதைய புகை விதிப்படி செய்த) ஸ்கூட்டரைப் பற்றி எழுதியிருந்தார். பெட்ரோல் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆக மறுத்ததாம். மெக்கானிக் கேனிஸ்டர் என்ற கறுப்பு டப்பாவைக் கழற்றி எடுத்தாராம். அதோடு தொல்லை தீர்ந்து மைலேஜும் கூடிவிட்டதாம். எல்லோரும் இப்படியே செய்யலாம் என்று முடித்திருந்தார். நான் காட்பாடியில் கார், பைக் இரண்டும் பார்க்கிற ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். அந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து, "இதையும் கழட்டிடுங்கண்ணே" என்று கேட்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

டப்பாவின் வேலை இதுதான். பெட்ரோல் சும்மா இருந்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வேலூர் வெயிலில் நிற்கிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பழைய வண்டிகளில் அந்த ஆவி நேராகக் காற்றில் போனது. அதில் பென்சீன் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்குகிற சரக்கு. மற்ற ஆவிகள் வண்டிப் புகையோடு கலந்து வெயில் பட்டால் தரைமட்டத்து ஓசோனாக மாறும், ஆஸ்துமாக்காரர்களை முதலில் படுத்தும். இப்போதைய வண்டிகளில் டேங்க் ஆவி ஒரு ஹோஸ் வழியாகக் கேனிஸ்டருக்குப் போகிறது. உள்ளே இருப்பது ஆக்டிவேட்டட் கார்பன், கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த கரி. ஒரு கிராம் கரியில் துளைகளின் பரப்பு மட்டும் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். ஆவி அங்கே ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடி இன்ஜின் சூடானதும் பர்ஜ் வால்வு என்ற சின்ன மின் வால்வு திறக்கும். இன்ஜினின் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்பு, வெளிக்காற்றைக் கரி வழியாக இழுக்க, ஒட்டியிருந்த பெட்ரோலும் கூடவே போய் எரிந்துவிடும். தப்பிப் போகிற பெட்ரோலைப் பிடித்து இன்ஜினுக்கே திருப்பிக் கொடுக்கிற டப்பாவைக் கழற்றினால் மைலேஜ் எப்படிக் கூடும் என்பது எனக்கு விளங்கவில்லை.

சரி, பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு என்னதான் கோளாறு? சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கொண்டுவந்த காரைச் சொல்கிறேன். வேறொரு இடத்தில் பிளக் மாற்றி, ஃபியூயல் பம்ப்பும் மாற்றி, கையில் பில்லோடு வந்தார். தொல்லை மட்டும் அப்படியே இருந்தது.

"எப்பல்லாம் இப்படி ஆகுது டீச்சர்?"

"ஃபுல் டேங்க் அடிச்சா மட்டும் சார். பங்க்லயே நின்னுடும். ஆக்சிலரேட்டரை அமுக்கிக்கிட்டே செல்ஃப் அடிச்சா இருமி இருமி வரும். மத்த நாள் ஒண்ணும் இல்லை."

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பம்ப் போயிருந்தால் அது டேங்க் நிறைவதைப் பார்த்துக்கொண்டு மக்கர் பண்ணாது. டேங்கில் பெட்ரோல் ஏற ஏற, மேலே இருந்த ஆவி மொத்தமும் கேனிஸ்டர் பக்கம் தள்ளப்படும். பர்ஜ் வால்வு மூடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஆவிக்கு இன்ஜின் வரை தடையே இல்லை. ஸ்டார்ட் பண்ணும்போது இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகி, காற்று போதாமல் திணறும். ஆக்சிலரேட்டரை அமுக்கினால் கூடுதல் காற்று வருகிறது, அதனால்தான் பற்றிக்கொள்கிறது.

இதை உறுதி செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல், ஓட விட்டு, பர்ஜ் வால்வில் கேனிஸ்டர் பக்கம் இருக்கிற ஹோஸைப் பிடுங்கி, வால்வின் வாயில் விரலை வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும், இழுக்கவே கூடாது. டீச்சர் காரில் விரலை நன்றாகவே பிடித்து இழுத்தது. அடுத்து வால்வின் மின் கனெக்டரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இழுப்பு நின்றால் வால்வு நல்லது, அதற்கு வருகிற ஒயரிங்கையோ இன்ஜின் கம்ப்யூட்டர் தருகிற கட்டளையையோ சந்தேகப்படலாம். கரண்ட் இல்லாமலும் இழுத்தால் வால்வுதான் ஒட்டியிருக்கிறது. கழற்றிய வால்வுக்கு 12 வோல்ட் கொடுத்தால் டிக் என்று திறக்க வேண்டும், எடுத்தால் மூட வேண்டும். அவ்வளவுதான்.

இதோடு நிறுத்திக்கொண்டு வால்வை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வரும். பழைய வால்வை ஒரு வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தால் காரணம் தெரியும். டீச்சர் கார் வால்விலிருந்து கறுப்பாகக் கரித்துகள் கொட்டியது. துகள் வருகிறது என்றால் கேனிஸ்டரின் உள் ஃபில்டர் உடைந்து கரி ஹோஸில் ஓடுகிறது என்று அர்த்தம். புது வால்வு போட்டாலும் அடுத்த துகள் வந்து அதன் வாயில் உட்காரும். கேனிஸ்டரையும் மாற்றி, நடுவில் உள்ள ஹோஸைத் தனியாகக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்தால்தான் வேலை முடிந்தது.

எதிர்ப்பக்கக் கோளாறும் ஒன்று உண்டு. கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டி மூச்சு முட்டி நிற்கும், டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும், மூடிவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் மறுபடி ஓடும். வெயில் காலத்தில் மூடி திறக்கும்போது காற்று வெளியே வந்தால் பெரும்பாலும் பயமில்லை, உள்ளே இழுத்தால்தான் கவனிக்க வேண்டும். கேனிஸ்டர் வெளிக்காற்று வாங்குகிற வழி அடைபட்டிருக்கும். சேறு, வாட்டர் சர்வீஸ் தண்ணீர், எங்கள் பக்கம் குளவிக்கூடு. சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் மஸ்டா நிறுவனம் இதே ஹோஸில் சிலந்தி கூடு கட்டியதற்காக 2011-ல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மஸ்டா-6 கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் வாசனை அந்தச் சிலந்திக்குப் பிடிக்குமாம். அடைப்பால் டேங்கில் வேக்குவம் ஏறி டேங்கே விரிசல் விடலாம் என்பதுதான் அவர்கள் பயம்.

அமெரிக்கா என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யூடியூபைப் பார்த்துவிட்டு, செக் இன்ஜின் லைட் எரிந்தால் டேங்க் மூடியை மாற்றுங்கள் என்று நம் ஊரிலும் சொல்கிறார்கள். அங்கே 1996 முதல் கார்களில் ஓபிடி-2, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடிக்கிற அமைப்பு, கட்டாயம். இந்த ஆவி அமைப்பில் ஒரு மில்லிமீட்டர் ஓட்டை விழுந்தாலும், பிற்பாடு வந்த கார்களில் அரை மில்லிமீட்டர் விழுந்தாலும், வண்டியே சோதித்து லைட் போட வேண்டும். ஸ்கேனர் மாட்டினால் பி 0455, பி 0456 என்று வருகிற கோளாறு எண்கள் அந்த வகை. நம் விதிகள் ஐரோப்பிய வழியில் வந்தவை. பர்ஜ் வால்வின் மின்சுற்று அறுந்ததா என்பதைப் பார்த்தால் போதும், ஓட்டை தேடும் கட்டாயம் கிடையாது. ஆகவே இங்கே மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப் பெட்ரோல் வாடை அடித்தாலும் பெரும்பாலான வண்டிகளில் லைட் எரியாது. மூக்குதான் ஸ்கேனர். பி 0443 என்ற எண் வந்தால் வால்வுக்குள் இருக்கிற கம்பிச் சுருளையும் (காயில்) ஒயரையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், எலி கடித்த ஒயர் ரொம்ப சகஜம்.

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கசிவு தேடுகிறேன் என்று டயருக்கு அடிக்கிற கம்ப்ரஸர் காற்றை இந்த ஹோஸில் விட்டுவிடாதீர்கள். இந்த அமைப்பு ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்குள் சோதிக்க வேண்டியது. புகையை உள்ளே விட்டு அது எங்கே கசிகிறது என்று காட்டுகிற ஸ்மோக் மெஷின் அதற்காகவே இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கையால் வளைத்து வெடிப்புப் பாருங்கள், கிளிப்பைப் பாருங்கள், வாஷரைப் பாருங்கள்.

இத்தனை கேனிஸ்டர் கெடுவதற்குக் காரணம் என்று கேட்டால், நான் கைகாட்டுவது பங்க்கில் நாம் நடந்துகொள்ளும் விதத்தை. ஆட்டோ கட் ஆனதும், "ஐந்நூறுக்கு ரவுண்டா போடுப்பா" என்கிறோம். ஸ்கூட்டரில் நாசிலை முழுசாக உள்ளே விடாமல் மேலே பிடித்துக்கொண்டு அடிப்பதால் ஆட்டோ கட் வேலையே செய்வதில்லை. வாய் வரை தளும்ப நிரப்பினால் பெட்ரோல் திரவமாகவே ஆவி ஹோஸில் இறங்கும். பத்து லிட்டர் பெட்ரோல் பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 100 மில்லி விரியும். பூமிக்கடியில் குளிர்ந்திருந்த பெட்ரோலை நிரப்பிக்கொண்டு வெயிலில் நிறுத்தினால் அந்த 100 மில்லி எங்கே போகும்? ஆவியைப் பிடிக்கத்தான் கரி, பெட்ரோலில் ஊறினால் அது அதோடு சரி. இந்தக் காலத்தில் எது கெட்டாலும் பெட்ரோலில் கலக்கிற எத்தனால்மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. தளும்ப நிரப்பியதற்கு எத்தனால் என்ன செய்யும்?

கழற்றினால் என்ன ஆகும் என்பதையும் அந்த அன்பர் தெரிந்துகொள்ள வேண்டும். டேங்க் ஹோஸ் திறந்து தொங்கும். அதன் வாய் சைலன்சர் பக்கம் இருந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு. அடைத்துவிட்டால் மேலே சொன்ன மூச்சு முட்டல் வரும். இன்ஜின் பக்கத்து வாயைச் சரியாக மூடாவிட்டால் காற்று இழுத்து ஐடில் ஆடும். அவர் வண்டியில் தொல்லை தீர்ந்ததும் உண்மைதான், ஆவி இன்ஜினுக்குப் போகிற வழியே இல்லாமல் போனதால் தீர்ந்தது. ஒட்டிய வால்வு அப்படியே இருக்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6. புது ஸ்கூட்டர் மாடல் ஒன்று ஒப்புதல் வாங்க, மூடிய அறையில் வைத்துச் செய்யும் சோதனையில் 1.5 கிராமுக்கு மேல் ஆவி விடக் கூடாது. கார் என்றால் 2 கிராம். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி, வாங்கிய பின் ஆண்டுதோறும் போகிற புகைப் பரிசோதனையில் சைலன்சர் வாயில் மட்டும்தான் சோதிக்கப்படுகிறது. கேனிஸ்டரே இல்லாத வண்டியும் சான்றிதழோடு வெளியே வரும். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால்தான் 10,000 ரூபாய் வரை அபராதம். போக்குவரத்துத் துறைக்கு என் வேண்டுகோள் இதுதான்: புகைப் பரிசோதனை மையத்தில் கேனிஸ்டர் இருக்கிறதா, ஹோஸ்கள் மாட்டியிருக்கின்றனவா, மூடி வாஷர் நன்றாக இருக்கிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புது மெஷின் வாங்கித் தர வேண்டியதில்லை. பங்க்குகளில் "ஆட்டோ கட் ஆனால் நிறுத்திவிடுவோம்" என்று பம்ப்பிலேயே எழுதி ஒட்ட எண்ணெய் நிறுவனங்கள் உத்தரவு போடலாம். ரவுண்டாகக் கேட்கிற வாடிக்கையாளரோடு பெட்ரோல் போடுகிற பையன் வாய்ச் சண்டை போட வேண்டியிருக்காது.

கடிதம் எழுதிய அன்பர் கழற்றிய டப்பாவைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். குலுக்கினால் பெட்ரோல் சத்தம் கேட்காமல், வாயைத் தட்டினால் கரி கொட்டாமல், டேங்க் பக்கத்து வாயில் காற்று விட்டால் வெளிக்காற்று வாய் வழியாகத் தடையில்லாமல் வந்தால், அதைத் தைரியமாகத் திரும்ப மாட்டலாம். மாற்ற வேண்டியது அநேகமாக வால்வு மட்டும்தான்.

இப்படிக்கு,
கார், பைக் மெக்கானிக்,
காட்பாடி.