எல் சால்வடாரின் பிட்காயின்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

இணையத்தில் மட்டும் புழங்கும் டிஜிட்டல் பணமான பிட்காயினின் விலை ஏறியதால், மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடார் ஜெயித்துவிட்டது என்று பலர் பேசுகிறார்கள். அரசு வாங்கி வைத்ததன் மதிப்பு கூடியிருக்கலாம். சரி, அது முதலீட்டு லாபம். 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கியபோது அதிபர் புக்கேலே சொன்ன காரணமே வேறு. வங்கிக் கணக்கு இல்லாத ஏழைகளுக்கு உதவும், அமெரிக்காவில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கமிஷன் மிச்சமாகும் என்றார். நாட்டின் மொத்த உற்பத்தியில் கிட்டத்தட்ட கால் பங்குக்குச் சமமான பணம் அது. 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் அதில் 2 சதவீதம்கூட பிட்காயின் போன்ற கிரிப்டோ பணம் வழியாக வரவில்லை. பிட்காயினைப் பயன்படுத்த அரசு கொண்டுவந்த 'சிவோ' செயலியில் சேர்ந்தால் 30 டாலர் கொடுத்தார்கள். பலரும் அதைச் செலவழித்ததோடு சரி. 2001 முதல் டாலரிலேயே கூலி வாங்கி டாலரிலேயே சோளம் வாங்குகிறவருக்கு, ஒரே வாரத்தில் மதிப்பு சரியக்கூடிய பணம் எதற்கு? அதைக் கடைக்காரர் மறுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது பெரிய அநியாயம். சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) 140 கோடி டாலர் கடனுக்காக 2025 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். இப்போது அங்கே வரியைக்கூட பிட்காயினில் கட்ட முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்