அந்த ஸ்குரூவைத் தொடாதே

மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. செய்தித்தாளைத் தானே எடுத்துப் படிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குத் தேர்வு நடக்கிறது.

கடைசியில், காரை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். சிக்னலில் நின்றால் என்ஜின் உறுமுகிறது, என்ஜினுக்குள் போகும் காற்றைத் தகட்டால் திறந்து மூடும் த்ராட்டில் பாடியையே மாற்றச் சொல்கிறார்கள் என்கிறாய். அவசரப்படாதே. போன வருடம் என் வண்டிக்கும் இதே நோய்தான் வந்தது. அதுவும் உன்னுடையதைப் போலக் கேபிளில் இயங்கும் த்ராட்டில் கொண்ட பழைய பெட்ரோல் வண்டிதான்.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு பக்கம் இறங்கும்போதுதான் பயந்துபோனேன். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதைப் போல ஓடியது. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே இறங்கினேன். கீழே வந்து நியூட்ரலில் போட்டுப் பார்த்தால் என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்.பி.எம். முள் 1,900-இல் நிற்கிறது. சூடான என்ஜினுக்கு 800 பக்கம் இருந்தால் போதும். காலையில் குளிர்ந்த என்ஜின் சில நிமிடங்கள் 1,200, 1,400 என்று ஓடுவது இயல்பு. சூடேறியதும் இறங்கிவிட வேண்டும்.

முதலில் பார்த்த மெக்கானிக், பெடலை மிதிக்காதபோது என்ஜினுக்குக் கொஞ்சம் காற்று விடும் ஐடில் வால்வை மாற்றினார். பயனில்லை. அடுத்தவர் த்ராட்டில் தகட்டைத் தாங்கி நிற்கும் ஸ்டாப் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டார். வேகம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் இரண்டு நாளில் பெடல் முதல் மிதிக்கு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. தாங்கல் போனதும் தகடு துளைக்குள் போய் இறுகிவிட்டது. தொழிற்சாலையில் அளந்து வைத்த ஸ்குரூ அது. அதைத் திருகி ஐடில் வேகத்தைக் குறைக்கிறேன் என்று யார் சொன்னாலும் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடு.

காலை எடுத்த பிறகும் என்ஜின் வேகமாக ஓடுகிறது என்றால் எங்கிருந்தோ அதற்குக் காற்று கிடைக்கிறது. அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. முதலில் தரைவிரிப்பு பெடலில் முட்டுகிறதா, கேபிளில் சில மில்லிமீட்டராவது தளர்வு இருக்கிறதா என்று பார். பிறகு என்ஜின் ஓடும்போதே காற்றுக் குழாயைக் கழற்றி, த்ராட்டிலின் வாயை ஒரு பலகைத் துண்டால் முழுதாக மூடு. அணைந்தால் காற்று த்ராட்டில் வழியாகத்தான் போகிறது. தகட்டில் படிந்த கார்பனையும் ஐடில் வால்வையும் பார்க்க வேண்டும். என் வண்டி அணையவில்லை. அடங்கினாலும் ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியானால் ஓட்டை அதற்கு அப்பால்.

பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயை இடுக்கியால் நெருக்கினேன், மாற்றமில்லை. அடுத்து, என்ஜினின் ஆவியை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். மேலே பார்த்தால் புதிதுபோல இருந்தது. வளைவின் அடிப்பக்கம் விரலை ஓட்டியபோது ஓரிடத்தில் விரல் நுனியை ஏதோ உறிஞ்சியது. நக அளவுக்கு ஒரு வெடிப்பு. குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, ரப்பர் சூடாகி இளகியதும் வாய் திறக்கிறது. விரலால் அழுத்தி மூடினேன். 'ஸ்ஸ்' என்ற சத்தம் நின்றது, முள் சட்டென்று இறங்கியது. அந்த நொடியில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை உனக்கு எப்படிச் சொல்வது!

இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தும் என்ஜின் திணறவில்லையே என்று யோசித்தேன். என் வண்டியின் கணினி, மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை வைத்துத்தான் பெட்ரோலைக் கணக்கிடுகிறது. திருட்டு வழியில் வந்த காற்றும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். அதற்கேற்ற பெட்ரோலும் போய்விடும். அதனால்தான் எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. காற்றின் அளவையே நேராக அளக்கும் வண்டி என்றால் நடுங்கித் திணறியிருக்கும்.

ஹோஸை மாற்றி, ஸ்குரூவை அதன் பழைய அடையாளத்துக்குத் திருப்பி, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் த்ராட்டில் சென்சாரை மல்டிமீட்டரில் பார்த்தேன். மூடியிருக்கும்போது அரை வோல்ட், முழுதாக மிதித்தால் நாலரை வோல்ட் பக்கம், இடையில் குதிக்காமல் ஏறியது. உன் வண்டியில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை என்றால் வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில், என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் வெப்பத்தை அதன் சென்சார் எவ்வளவு என்று சொல்கிறது எனப் பார்க்கச் சொல். கொதிக்கும் என்ஜினை 20 டிகிரி என்று அந்தச் சென்சார் சொன்னால், கணினி அதை நம்பிக் குளிர்ந்த என்ஜினுக்கான வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். சிலர் கசிவைத் தேட ஸ்ப்ரே அடிப்பார்கள். சூடான என்ஜினில் தீப்பிடிக்கக்கூடியது, உன் வண்டியில் அதற்கு இடம் கொடுக்காதே.

நாளைக் காலை கிளப்பியதும் முள் எங்கே நிற்கிறது, ரேடியேட்டர் விசிறி ஒருமுறை ஓடி நின்ற பிறகு எங்கே நிற்கிறது, இந்த இரண்டையும் குறித்து எழுது. அதுவரை விற்பனைப் பேச்சு வேண்டாம். பொங்கலுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த வண்டியிலேயே வா, அழகர்கோயில் போய்வரலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்