மில்லை மறுபடி திறந்த அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

என் வீட்டுக்காரர் நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வாசல்படி ஏறும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ரசம் சாதம் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு இப்போது தூங்குகிறார். அந்த மூச்சுச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இந்தப் பதினாறு நாள் நாங்கள் பட்டது ஆரணியில் எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். திரும்ப ஒரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

என் அதிரச அளவை நான் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டால் சிரித்து மழுப்புவேன். நாத்தனார் விடாமல் கேட்டபோது வெல்லத்தைக் கூட்டிச் சொல்லி அனுப்பினேன். அவள் சுட்டது எண்ணெயிலேயே பிரிந்துபோனது. (அண்ணி, அதற்கும் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.) அப்படிப்பட்டவள் அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பத்துப் பேர் திரும்பிப் பார்க்க, போனில் மகளிடம் "முக்கால் கிலோடி, கிலோவுக்கு முக்கால் கிலோ!" என்று கத்தினேன். ரகசியம் அத்தோடு போயிற்று.

கத்த வேண்டி வந்ததற்குக் காரணம் நோன்பு. தீபாவளி அமாவாசையில் கேதார கௌரி நோன்பு எடுக்கிற வீடுகளில் 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு என்று எண்ணி வைத்துப் படைப்பார்கள். 14 வீட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். 294 அதிரசம். ஜாங்கிரி, லட்டு என்றால் கடையில் வாங்கிச் சமாளிப்பார்கள். நோன்பு அதிரசத்துக்கு, சுத்தமாகச் செய்கிறவள் என்று நம்பித்தான் என்னிடம் சொல்கிறார்கள். அவரை ஆட்டோவில் ஏற்றியபோது 7 கிலோ மாவுப் பச்சரிசி அண்டாவில் ஊறிக்கொண்டிருந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. மாமியாருக்கு இருந்தது. முட்டி வலியோடு அரிசியை வடித்து, வெளியே மழை என்பதால் கூடத்தில் வேட்டியை விரித்து, ஃபேனைப் போட்டு உலர்த்தியிருக்கிறார்.

மகள் சைக்கிளில் தூக்கை மாட்டி, அரிசி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனபோது மணி எட்டரை. அண்ணன் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வண்டியை உதைத்துக்கொண்டிருந்தாராம். இவள் ஒன்றும் சொல்லாமல் நின்றிருக்கிறாள். அவரே வந்து மூட்டையை அவிழ்த்து அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்திருக்கிறார்.

"நோன்பு மாவா பாப்பா?"

"ஆமாண்ணா."

"ஈர அரிசி ராத்திரி தங்குனா வாடை வந்துடுமே."

அவ்வளவுதான் பேச்சு. பூட்டைத் திறந்துவிட்டார்.

ஈர மாவு அரைக்கிற மிஷினில் அன்றைக்குப் பெல்ட் போயிருந்தது. இன்னொன்றில் மதியம் முழுக்க மிளகாய்த்தூள் ஓடியிருக்கிறது. அதை அவர் பிரஷ்ஷால் தட்டித் துடைத்தார். பிறகு தன் அரிசியில் ஒரு படி போட்டு ஓட்டி, வந்த மாவை அப்படியே கோணியில் தள்ளினார். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இன்னொரு படி. மறுபடி நாக்கில். மூன்றாவது தடவை மகளிடமும் ஒரு சிட்டிகை நீட்டி, "உனக்குக் காரம் தெரியுதா பாரு, எனக்கு நாக்கு மரத்துப்போச்சு" என்றாராம். அதற்குப் பிறகுதான் எங்கள் அரிசி மிஷினில் விழுந்தது. அரைத்த மாவை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, பிடி நிற்கிறதா என்று பார்த்து, மேலே பாலிதீன் தாள் மூடிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

கிலோவுக்குப் பத்து ரூபாய். மகள் நூறு கொடுத்தாள், முப்பது திருப்பிக் கொடுத்தார்.

அந்த முப்பது ரூபாயைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற எல்லாரும் எங்கள் நிலைமை தெரிந்து செய்தீர்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. என் மகள் முகத்தைக் கூட அவர் சரியாகப் பார்த்தாரோ என்னவோ, அரிசியைப் பார்த்தார். பாவம் என்று கூலியை விட்டிருந்தால் அங்கேயே உடைந்து அழுதிருப்பேன் என்கிறாள் இவள். சில்லறையை எண்ணி வாங்கியதில்தான் அவளுக்குத் தைரியம் வந்ததாம். வீட்டுக்கு வந்து, பத்தரை மணிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எனக்குப் போன் போட்டாள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் கொடுத்த மூன்று தம்பிகள். மீட்டர் பார்க்காமல் ராத்திரி எல்லாம் ஓட்டிய ஆட்டோ தம்பி. அடுப்படியைக் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டு வந்து அதிரசம் தட்டிச் சுட்டுக் கொடுத்த எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர். முழுப் பணத்தையும் முன்னாலேயே அனுப்பிய 14 வீடு. தீபாவளியன்று ஆஸ்பத்திரிக்கே டப்பாவில் ரவா லட்டு கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா. ரவையை நெய்யில் வறுத்து, பொடித்த சர்க்கரையும் முந்திரியும் கலந்து, சூடான பாலைத் தெளித்துப் பிடித்தது, பத்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு எனக்கு ஜாங்கிரி கூடப் பெரிதாகத் தெரியவில்லை.

உங்களுக்கெல்லாம் கைம்மாறு என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி, இது சரியான அளவு.

1 கிலோ மாவுப் பச்சரிசிக்கு முக்கால் கிலோ பாகு வெல்லம். அரிசி இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். நிழலில் உலர்த்தி, தொட்டால் ஈரம் தெரிகிறபோதே அரைத்துச் சலித்துவிடுங்கள். காய்ந்த மாவில் அதிரசம் வராது. வெல்லம் மூழ்கத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் திரண்டு, விரலில் எடுத்தால் பழுத்த தக்காளி மாதிரி மெத்தென்று இருக்க வேண்டும். அதுதான் தக்காளிப் பதம். 'டக்' என்று சத்தம் கேட்டால் போச்சு. இறக்கி ஏலக்காய், சுக்குப் பொடி சேர்த்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். நான் ஒளித்து வைத்திருந்தது இதைத்தான்: ஒரு கை மாவை மிச்சம் வையுங்கள். கிளறும்போது தளர்வாக, "ஐயோ, தண்ணியா இருக்கே" என்று பயப்படுகிற மாதிரி இருந்தால் அதுதான் சரி, ஆறினால் இறுகிவிடும். மேலே ஒரு கரண்டி நெய் விட்டு இரண்டு நாள் மூடி வையுங்கள். மிச்சம் வைத்தது, சுடும்போது எண்ணெயில் பிரிந்தால் பிசைந்துகொள்ள. தீ எப்போதும் சிறியதாகவே இருக்கட்டும். எடுத்ததும் இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்திப் பிழியுங்கள்.

இனிமேல் யார் கேட்டாலும் இதே அளவுதான் சொல்வேன். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம், பாகு காய்ச்சிக் காட்டுகிறேன்.

294 போக எட்டு அதிரசம் மீந்ததில் மகள் இரண்டை எடுத்து வைத்திருந்தாள். இன்று காலையில் அதை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சார் இப்போ எப்படி இருக்காரு?" என்று கேட்டார். "சுகர் இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே ஒன்றைப் பிட்டுப் பாதியை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"மாவு நல்லா வந்திருக்கு. பாகுதான் ஒரு நிமிஷம் முத்திடுச்சு" என்றார்.